கால் பலகைக்கு அடியில் பார்க்கவும்

போன மாதம் ஒரு காலையில் கஸ்தூரி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற கம்பெனியில் இப்போது அளவெடுக்கும் அறை அவள் பொறுப்பில் இருக்கிறது. நான் வெளியே வந்த பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். தீபாவளி விருந்துகளில் பார்த்துப் பேசியதோடு சரி. கம்பெனி ஈப்போ நகருக்குள் புதுக் கட்டடத்துக்கு மாறிவிட்டது, பழைய இடத்தில் வீடுகள் கட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"அண்ணே, புது ரூம்ல ஒன்னுமே வைக்கல. ஆனா ஸ்கிரீன்ல ரெண்டு புள்ளி எட்டுல ஒரு மேடு நிக்குது. பழைய ரூம்ல ஒரு நாளும் இப்படி வந்ததில்லலா," என்றாள்.

தின்றுகொண்டிருந்த வடையைத் தட்டில் வைத்துவிட்டேன். ஊசி மாதிரி மெல்லிசாக நிற்கிறதா என்று கேட்டேன். அப்படித்தான் நிற்கிறது என்றவள், பார்க்காமலே எனக்கு எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்டாள். அதோடு இன்னொரு கேள்வியும் வந்தது. வேலை முறைகளை எழுதி ஒட்டிய தாளில் முதல் வரியே ‘கால் பலகைக்கு அடியில் பார்க்கவும்’ என்று இருக்கிறதே, அங்கே பார்க்க அப்படி என்னதான் இருக்கிறது?

பிறகு சொல்கிறேன் என்று போனை வைத்தேன். போனில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோலா கங்சார் சாலையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். தொழிற்பள்ளிச் சான்றிதழ், ஒரு தொலைக்காட்சி ஆன்டெனா தொழிற்சாலையில் பதினெட்டு வருடம், அது மூடப்பட்ட பிறகு இந்தச் சின்னக் கம்பெனி. மொத்தமே பதினொரு பேர். ஈப்போவுக்கு வெளியே, பாதி காடாகிப்போன பழைய தோட்டத்தில், ரப்பர் ஷீட் உலர்த்திய புகைக்கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஜன்னல் இல்லாத தடித்த செங்கல் சுவர். கைப்பேசிக் கோபுரம் பக்கத்தில் கிடையாது. வெளி அலைகள் உள்ளே வராது என்பதால்தான் அந்த இடம். சுவர் முழுக்க அலையை உறிஞ்சும் கறுப்பு நுரையை ஒட்டியும், உள்ளே போனால் பழைய புகை வாடை மூக்கில் ஏறும். பேசினால் குரல் வாயை விட்டு வெளியே போகாதது போல் இருக்கும். புதிதாக வந்தவர்கள் ஐந்து நிமிடத்தில் வெளியே ஓடிவிடுவார்கள்.

எங்கள் வேலை, பொருளை அடையாளம் காட்டும் டேக்கைச் சிப் இல்லாமல் செய்வது. சாதாரண டேக்குக்குள் மணல் அளவு சிப் ஒன்று இருக்கும். அதுதான் தன் எண்ணைச் சொல்லும். கையுறைத் தொழிற்சாலையில் அந்தச் சிப் பிழைக்காது. அங்கே பீங்கானில் செய்த கைகள் வரிசையாகத் தொங்கி, ரப்பர் பாலில் முங்கி, அமிலத்தில் கழுவப்பட்டு, சூளைக்குள் போய் வரும். எந்தக் கை தேய்ந்தது, எது விரிசல் விட்டது என்று தெரிய ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வேண்டும். நாங்கள் மணிக்கட்டில், மெருகுக்கு அடியில், வெள்ளிக் குழம்பால் வளையங்களை அச்சடித்தோம். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு சின்ன வாய் திறந்திருக்கும். ரேடியோ அலையை அனுப்பினால் ஒவ்வொரு வளையமும் தனக்குரிய அலைவரிசையை மட்டும் விழுங்கும். திரையில் ஓடும் கோட்டில் அந்த இடத்தில் ஒரு குழி விழும். குழி இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். பத்து வளையங்களில் ஓர் எண்.

வளையங்களைத் தள்ளித் தள்ளி வைத்தால் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். மணிக்கட்டில் கிடைத்த இடமோ பாதித் தீப்பெட்டி அளவு. ஒன்றுக்குள் ஒன்றாக நெருக்கி வைத்தால் பக்கத்து வளையம் இழுத்து, குழி தன் இடத்தை விட்டு நகர்ந்துவிடும். ஐந்தாவதைத் திருத்தினால் ஆறாவது கெடும். அந்தப் பத்தையும் ஒரே இடத்தில் குடியமர்த்த எனக்கு மூன்று வருடம் பிடித்தது. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

என் மேலதிகாரி குலசிங்கம் சார். ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்காரர். ஒல்லி. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. தப்பு செய்தால் நம் முகத்தைப் பார்க்காமல் நம் கையைப் பார்ப்பார். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

அவருடைய முறை இது. முதலில் பீங்கான் கை எதுவும் வைக்காமல் அறையை அளக்க வேண்டும். அதற்கு ‘வெறும் அளவு’ என்று பெயர். பிறகு டேக் பதித்த கையைத் தாங்கியில் வைத்து அளந்து, அதிலிருந்து வெறும் அளவைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது டேக் மட்டும். கேபிள் குட்டை என்பதால் அளப்பவர் உள்ளேயே உட்கார வேண்டியிருந்தது. ஆகவே அவர் உடம்பும் வெறும் அளவில் சேரும். அதற்காக ஒரே ஆள், ஒரே முக்காலி, முன்னால் ஒரு மரக் கால் பலகை. அதில் இரண்டு பாதங்களை மஞ்சள் சாயத்தில் வரைந்திருந்தார். கால் அந்தப் பாதங்களில்தான் இருக்க வேண்டும். உடம்பில் உலோகம் ஒன்றும் கூடாது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். சாவி, கடிகாரம், பெல்ட், எல்லாம் அதில். ஒரு தொகுதிக்கு ஒரே வெறும் அளவு, நடுவில் மாற்றக் கூடாது.

"வெறும் அறை எண்டு ஒண்டு இல்லை, மாரிமுத்து. என்ன இருக்கெண்டு தெரிஞ்சு கழிக்கிறதுதான் வெறுமை," என்பார்.

அளப்பதற்கு வந்தவள் விஜயா, என் மனைவி. ஆன்டெனா தொழிற்சாலையில் வரிசையில் வேலை செய்தவள். ஒரே நிலையில் நாலு மணி நேரம் உட்காரச் சொன்னால் உட்காருவாள். அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது. முதல் நாள் வாசலில் தோட்டையும் வளையலையும் கழற்றித் தட்டில் போட்டாள். தாலிக்கு ஏற்கனவே ஏற்பாடு செய்திருந்தாள். பொன்னை வீட்டுச் சாமி மேடையில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பிறகு காலைப் பார்த்து, "இதையுமா சார்?" என்றாள். இரண்டாவது விரல்களில் நான் போட்டுவிட்ட வெள்ளி மெட்டிகள். குலசிங்கம் சார், எல்லாம் என்றார். அவள் உள்ளே போனாள். அதற்குமேல் நானும் கவனிக்கவில்லை. பெண்கள் எப்படியோ சமாளித்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்ட ஆண்களில் நானும் ஒருவன்.

இரண்டு வருடம் அவள் அளந்தாள். ஒரு நாள்கூடக் கோடு தடுமாறியது இல்லை. கடைசித் தொகுதியில் இருநூறு கைகள். அது தேறினால் என் டேக் தொழிற்சாலைக்குப் போகும், தேறாவிட்டால் மூன்று வருட வேலை மூட்டை கட்டப்படும். புகைக்கூடத்தின் முன்னறையில் அலமாரி அலமாரியாக அந்த வெள்ளைக் கைகள் விரல்களை மேலே நீட்டி நின்றன. நூறாவது கையை ஒரு வெள்ளிக்கிழமை முடித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி உலர்த்தப் போனவள் கம்பியைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். இரண்டு நாள் இருந்தாள். சுடுகாட்டில் என் அக்கா மெட்டிகளைக் கழற்றி, திருநீறு இருந்த பிளாஸ்டிக் பொட்டலத்தில் போட்டு என் கையில் திணித்தாள்.

பதினாறு முடிந்து வேலைக்குப் போனேன். மிச்ச நூறு கைகளை நானே அளக்கிறேன் என்றேன். வேறு யாரும் அந்த முக்காலியில் உட்காருவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உடம்பு என்பது ஒரு பை தண்ணீர்தான், ஆள் மாறினால் பெரிய வித்தியாசம் வராது என்று குலசிங்கம் சாரும் சம்மதித்தார். பொட்டலத்தைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனேன். மஞ்சள் பாதங்களில் என் கால்களை வைத்தேன். சரிபார்ப்பதற்காகக் கை எதுவும் வைக்காமல் அளந்து, அவள் எடுத்து வைத்திருந்த வெறும் அளவைக் கழித்தேன். கோடு நேராக வர வேண்டும்.

வரவில்லை. இரண்டு புள்ளி எட்டு கிகாஹெர்ட்ஸில் ஒரு மேடு நின்றது.

வளையம் குழிதான் தோண்டும், மேடு எழுப்ப அதற்குத் தெரியாது. அந்த அறையில் நான் மேட்டைப் பார்த்ததே கிடையாது. கேபிளை மாற்றினேன், திருகை இறுக்கினேன், நுரையைத் தட்டிப் பார்த்தேன். அது அசையவில்லை. அது நின்ற இடம் என் டேக்கின் ஏழாவது வளையத்தின் இடம். அங்கே விழ வேண்டிய குழியை அந்த மேடு நிரப்பிவிட்டது. ஏழாவது வளையம் இருந்த ஒவ்வொரு கையும் தவறான எண்ணைச் சொன்னது. விஜயா அளந்த கைகளைத் திரும்ப எடுத்து வைத்தேன். போன மாதம் சரியாகச் சொன்ன அதே கைகள் இப்போது பிசகின.

இரண்டு வாரம் ஏழாவது வளையத்தோடு மல்லுக்கட்டினேன். அச்சுக்கூடத்து ராஜன் முன்னறைக்கு வருவதையே நிறுத்திவிட்டான். விஜயா அக்கா இன்னும் போகவில்லை என்று சாப்பாட்டு வேளையில் அவன் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. இப்படியே போனால் என்னைத் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு பஸ் ஏற்றிவிடுவார்கள் என்று நானே சிரித்துக்கொண்டு சொன்னேன். தனியாக அந்தக் கறுப்பு அறையில் உட்கார்ந்திருக்கும்போது, கால்களைப் பாதங்களில் வைக்கவே கூசும். அவள் காலை மிதிப்பது போல இருக்கும்.

முப்பதாம் நாள் படையல் முடிந்த மறுநாள், பொட்டலத்தைத் தட்டில் வைக்க மனம் வரவில்லை. சாவிக்கொத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் அதை எப்படிப் போடுவது? சட்டைப் பையில் வைத்துக்கொண்டே உள்ளே போய் அளந்தேன்.

மேட்டுக்குப் பக்கத்தில், ஒட்டினாற்போல, ஒரு குழி விழுந்திருந்தது.

எழுந்து நின்றேன். குழி நகர்ந்தது. பொட்டலத்தை எடுத்து முக்காலியின் மேல் வைத்தேன். இன்னும் நகர்ந்தது. கீழே, கால் பலகைக்குப் பக்கத்தில் வைத்தேன். குழி மேட்டின் மேலேயே ஏறி அதைப் பாதி தின்றுவிட்டது. பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். கைவிளக்கோடு தரையில் படுத்து, அந்தப் பலகைக்கு அடியில் பார்த்தேன்.

இடது பாதத்துக்கு நேர் கீழே, உள்பக்கமாக, ஒரு சின்ன மூங்கில் ஆணி. அதில் மஞ்சள் நூலில் இரண்டு சுருக்கு. நூலில் வெள்ளி கறுத்துப் பதிந்த வட்டத் தடம்.

அப்புறம் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மெட்டி புருஷன் செத்தால்தான் காலை விட்டு இறங்கும். அதைக் கழற்றி வாசல் தட்டில் போட அவளுக்கு மனம் வரவில்லை. சார் சொன்ன விதியை மீறவும் மனம் வரவில்லை. அதனால் கழற்றி, காலுக்கு அடியிலேயே தொங்கவிட்டு, அதன்மேல் கால் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். வெளியே வரும்போது போட்டுக்கொண்டிருக்கிறாள். உலோக ஆணி கூடாது என்று மூங்கிலைச் சீவி அடித்திருக்கிறாள் பாருங்கள், அதுதான் விஜயா. மெட்டி என்பதும் வாய் திறந்த வெள்ளி வளையம்தானே? வாழ்நாள் முழுக்க அதைத்தான் வரைந்தேன், எனக்கு உறைக்கவில்லை.

அவள் இருந்தவரை வெறும் அளவிலும் மெட்டி இருந்தது, கைகளின் அளவிலும் இருந்தது. கழித்தால் ஒன்றுமில்லை. அவள் போன பிறகு வெறும் அளவில் மட்டும் இருந்தது. இல்லாததைக் கழித்தோம், அது மேடாக எழுந்து நின்றது. என் ஆயுசுக்காக அடித்த ஆணி அது. போனது அவள். தரையில் படுத்தபடியே அழுதேன்.

மெட்டிகளை அந்த நூலில் மாட்டினேன். முக்காலியில் உட்கார்ந்து பாதங்களில் கால் வைத்து அளந்தேன். கோடு தண்ணீர் மட்டம்போல நேராக ஓடியது. அவள் உள்ளே இருந்தால்தான் அந்த அறை வெறுமையாக இருந்தது.

நியாயமாக அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவளுடைய வெறும் அளவு செல்லாது. அது செல்லாவிட்டால், ஒரு தொகுதிக்கு ஒரே அளவு என்ற விதிப்படி அவள் அளந்த நூறும் குப்பை. ‘அளப்பவர் உலோகம் வைத்திருந்தார்’ என்று அறிக்கையில் வரும். அவள் கடைசியாகச் செய்த வேலை அது. அதன்மேல் அப்படி ஒரு வரியை எழுத என் கை வராது. ஒரு வாரம் தினமும் மெட்டிகளை மாட்டிவிட்டு அளந்தேன். கைகள் எல்லாம் தேறின. என்ன சரிசெய்தாய் என்று சார் கேட்டதற்கு, கேபிள் என்றேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது நாளிலிருந்து நான் அதை டேக்குக்காக மட்டும் மாட்டவில்லை.

ஏழாவது நாள் குலசிங்கம் சார் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். அளவு நடக்கும்போது அவர் வந்ததே இல்லை.

"ஒவ்வொரு நாளும் தட்டில ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். ஒரு கிழமையா அது இல்லை. எங்க?" என்று கேட்டார்.

நான் எழுந்து விலகி நின்றேன். அவருக்கு முழங்கால் வலி. சுவரைப் பிடித்து மெதுவாக மண்டியிட்டு, என் கைவிளக்கை வாங்கி, குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். தொடவில்லை. எழுந்தபோது வெள்ளைச் சட்டையில் தூசி ஒட்டியிருந்தது. அதைத் தட்டாமலே நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். என் வேலை போனால் போகட்டும், அவள் நூறை மட்டும் தள்ளிவிடாதீர்கள் என்றேன். அவர் என் கையைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தார்.

"அவவின்ர அளவில பிழை இல்லை. வைக்கேக்கையும் இருந்தது, கழிக்கேக்கையும் இருந்தது. ரெண்டும் ஒண்டு," என்றார். பிறகு, "பிழை என்னில. அண்டைக்கு அவ கேட்டவ. நான் யோசிக்காமல் சொல்லிப்போட்டன்," என்றார்.

தன் விதியைத் தானே உடைத்தார். முதல் நூறு கைகளுக்கு அவள் எடுத்த வெறும் அளவு, அடுத்த நூறுக்குப் புதியது. தொழிற்சாலைக்குப் போன அறிக்கையில் மெட்டிகள் இருந்ததையும், அவற்றால் எண்களில் பிழை வராததையும், அளப்பவர் மாறியதால் வெறும் அளவு மாற்றப்பட்டதையும் நாலு வரியில் எழுதினார். குற்றம் என்ற சொல் எங்கும் இல்லை. டேக் தேறியது. வேலை முறைத் தாளின் உச்சியில் அந்த ஒரு வரியைத் தன் கையால் சேர்த்தார். அதன் காரணத்தை மற்றவர்களிடம் அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

புதிய வெறும் அளவை எடுத்தவன் நான்தான். பொட்டலம் வாசல் தட்டில் இருந்தது. கோடு நேராக வந்தது. எல்லாம் சரியாக இருந்தது, எனக்குத்தான் மூச்சு முட்டியது.

இதோடு முடிந்திருந்தால் கஸ்தூரிக்கு அந்த மேடு தெரிந்திருக்காது.

ஓய்வு பெறும் நாளில், கையில் இருந்த தொகுதி முடியும்வரை காத்திருந்தேன். எல்லோரும் முன்னறையில் கேக் வெட்டக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய் மெட்டிகளை அந்த ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். அடுத்த தொகுதியின் வெறும் அளவில் அவளும் சேர்ந்துவிடுவாள், வேலைக்குக் கெடுதல் இல்லை, ரெண்டும் ஒன்று என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். முதல் வரிப்படி யாராவது குனிந்து பார்த்து ஒரு வாரத்தில் போன் செய்வார்கள் என்றும் எதிர்பார்த்தேன். வருடங்கள் போயின, யாரும் செய்யவில்லை. முதலில் கோபம் வந்தது, ஓர் ஆள்கூடவா குனியவில்லை என்று. பிறகு அதுவே ஆறுதலாகிவிட்டது. வீட்டில் தனியாக இருக்கும்போது அவள் இல்லை என்று எனக்குத் தோன்றுவதில்லை. வேலைக்குப் போயிருக்கிறாள் என்று இருந்தேன்.

கஸ்தூரி போன் செய்த மறுநாள் நானே அவளைக் கூப்பிட்டேன். நுரை, தாங்கி, முக்காலி எல்லாவற்றையும் புது அறைக்குக் கொண்டுபோனவர்கள், பாதித் தொகுதி மிச்சமிருந்ததால் பழைய வெறும் அளவையே கழித்திருக்கிறார்கள். கால் பலகையை மட்டும் கறையான் அரித்துவிட்டது என்று அங்கேயே போட்டுவிட்டார்களாம். புகைக்கூடத்தை வரும் வாரம் இடிக்கிறார்கள் என்றாள். உடனே போக வேண்டும் என்றேன். அவளே காரில் கூட்டிப்போனாள்.

நுரையை உரித்துவிட்டதால் சுவர் செங்கலாக நின்றது. இத்தனை வருடம் கழித்து அந்த அறையில் எங்கள் குரல் எதிரொலித்தது. பலகை மூலையில் கிடந்தது. மஞ்சள் பாதங்கள் மங்கியிருந்தன. நான் அசையவில்லை. கஸ்தூரிதான் மண்டியிட்டு, கைப்பேசி விளக்கைப் போட்டு, அடியில் பார்த்தாள்.

"அண்ணே, ரெண்டு மெட்டி," என்றாள். குரல் இறங்கிவிட்டது. "நான் டெய்லி பார்த்தாச்சுன்னு டிக் போட்டேண்ணே. ஒரு நாளும் பாக்கல."

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்து, தன் காலை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. புது அறையில் பலகைக்கு அடியில் ஒரு மூங்கில் ஆணி அடித்துத் தரவா என்று மெதுவாகக் கேட்டாள்.

"வேணாம்மா. அங்க புதுசா ஒரு வெறும் அளவு எடுத்துக்குங்க. பழச கழிக்காதீங்க," என்றேன்.

மெட்டிகள் கன்னங்கரேலென்று கறுத்திருந்தன. நூல் தொட்டதும் உதிர்ந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டு வாசலில் இறங்கி, சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தேன். அன்றைக்குத்தான் விஜயாவை வேலையிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.